ஆள் எடுக்கும்போது குணம் பார்ப்பது: திருப்பூர் லைனிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி — 20 நவம்பர் 2023, திங்கள்

30 தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. போனஸ், ஸ்வீட் பாக்ஸ், துணி எல்லாம் கொடுத்துத்தான் அனுப்பினேன். போன் போட்டால் எடுப்பதில்லை. இனிமேல் ஆள் எடுக்கும்போது திறமையைப் பார்ப்பதாக இல்லை. ஓவர்லாக் மிஷின் ஓட்ட யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். பொறுப்பு, விசுவாசம், நேர்மை இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும். எந்தக் குணம் உள்ள ஆள் நிலைத்து நின்று ஒழுங்காக வேலை பார்ப்பான்? அதை முதல் நாளே கண்டுபிடிக்க வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் — 20 நவம்பர், இரவு

சத் பூஜையே இன்று காலையில்தான் முடிந்திருக்கிறது. பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் அதை விட்டுவிட்டு வர மாட்டார்கள். தன்பாத் - ஆலப்புழா வண்டியில் இந்த வாரம் கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிய காரியம். டிக்கெட் கிடைக்காதவனை விசுவாசம் இல்லாதவன் கணக்கில் எழுத வேண்டாம். ஒரு வாரம் பொறுங்கள்.

அது போகட்டும். நான் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் குவாலிட்டி பார்ப்பவன். ஆள் எடுப்பது என் வேலை இல்லை. எடுத்த ஆளோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. கேள்வியில் முதல் பாதி சரி: ஒரே மிஷின், ஒரே கூலி, ஆனால் ஆளுக்கு ஆள் வேலையில் வித்தியாசம் உண்டு. "பிறவியிலேயே" என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நாளை எழுதுகிறேன், இன்று ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முடிந்து வந்ததால் கண் எரிகிறது.

21 நவம்பர்

நேர்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அளக்க என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது: ஊசி ரெஜிஸ்டர்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக: தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, நீடில் கொடுக்கும் பெண்ணிடம் காட்ட வேண்டும். அவர் அந்தத் துண்டுகளை நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதி, நேரம், மிஷின் நம்பர், டெய்லர் பெயர், என்ன ஆபரேஷன், துண்டு முழுதாகக் கிடைத்ததா என்று எழுதிக்கொண்டு புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டிலை, அதாவது தைக்கக் கொடுத்த துணிக் கட்டை, தனியே எடுத்து வைத்து, காந்தம் போட்டுத் தரையைத் துழாவி, துணியை நீடில் டிடெக்டரில் ஓட்ட வேண்டும். குழந்தைத் துணியில் ஊசி முனை போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் ஒரே தளத்தில் இரண்டு வகை லைன் (வரிசையாக உட்கார்ந்து தைக்கும் குழு) இருந்தன. ஒன்று ஷிப்ட் சம்பளம். இன்னொன்று கான்ட்ராக்டர் வைத்து நடத்திய பீஸ் ரேட் லைன், தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மிஷின் ஒன்று, துணி ஒன்று, ஊசியும் ஒரே பெட்டியில் வந்தது. ஷிப்ட் லைனின் நோட்டில் பக்கம் பக்கமாக ஊசித் துண்டு ஒட்டியிருக்கும். பீஸ் ரேட் லைனின் நோட்டு, கல்யாணம் ஆகாதவன் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி, சுத்தமாகக் காலி. கான்ட்ராக்டர் அதைக் காட்டிப் பெருமை வேறு பட்டுக்கொள்வார்: "நம்ம டெய்லருங்க கை அப்படிங்க."

விஷயம் என்னவென்றால், அவர்கள் வெளியே கடையில் சொந்தக் காசில் ஊசி வாங்கி பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார்கள். உடைந்தால் துண்டைக் கீழே தட்டிவிட்டு, புது ஊசியை மாட்டி, அடுத்த பீஸை எடுத்துவிடுவார்கள். தேடிக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது, கான்ட்ராக்டர் வாயில் விழ வேண்டியது தனி. ஒரு நாள் செக்கிங் பெண் ஒருத்தி குழந்தைச் சட்டையின் அக்குள் தையலில் கை வைத்தபோது நறுக்கென்று குத்தியது. அதற்குப் பிறகுதான் எல்லோர் டப்பாவையும் கவிழ்த்தார்கள்.

கான்ட்ராக்டரை நிறுத்திவிட்டு, அந்த டெய்லர்களையே ஷிப்ட் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அதே ஆட்கள். சில வாரங்களில் நோட்டு நிரம்ப ஆரம்பித்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, திடீர்னு இவ்வளவு ஊசி உடையுது, மிஷின் செட்டிங் சரியில்லையா?" என்று கேட்டார்!

அந்த டெய்லர்கள் முன்பு நேர்மை இல்லாதவர்கள், பின்பு நேர்மையானவர்கள் என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்வதற்கான விலையை முன்பு டெய்லர் கொடுத்தார், பின்பு கம்பெனி கொடுத்தது.

21 நவம்பர், சற்று நேரம் கழித்து

சம்பந்தமில்லாமல் ஒன்று. நம் ஊரில் ஹெச்.ஆர். இன்டர்வியூவில் "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே பதில்: "வேலை என்று வந்துவிட்டால் வீடு, நேரம் எதுவும் பார்க்க மாட்டேன் சார்." மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்த ஒரு பையன் மட்டும், "காலையில் எழுந்திரிக்கறதுதான் சார் கஷ்டம்" என்றான். எடுக்கவில்லை. அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான். ஒன்பதரைக்கு வந்தாலும் மெயில் பார்க்கிற வேலைதானே, எடுத்திருக்கலாம்.

23 நவம்பர்

முதல் நாளே கண்டுபிடிக்க முடியுமா என்பதற்கு வருகிறேன். இதை ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். 1991-இல் பாரிக், மவுன்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மனிதக் குணங்களை ஐந்தாகப் பிரிப்பது வழக்கம். அதில் பொறுப்புணர்வு ஒன்றுதான் எல்லா வகை வேலையிலும் ஒரே திசையில் உதவியது: சொன்ன நேரத்துக்கு முடிப்பது, பாதியில் விடாதது, ஒழுங்கு. கலகலப்பாகப் பழகுவது விற்பனைக்கும் மேனேஜர் வேலைக்கும் பயன்பட்டது, மற்றவற்றுக்கு அவ்வளவாக இல்லை. ஆக உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் பொறுப்பு சரியான தேர்வுதான்.

ஆனால் அளவைப் பாருங்கள். அந்தக் குணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு 0.2-ஐ ஒட்டித்தான் வந்தது (முழுப் பொருத்தம் என்றால் 1). ஆளுக்கு ஆள் இருக்கிற வேலை வித்தியாசத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத்தான் அந்தக் குணத்தால் விளக்க முடியும். மீதி எங்கே? திறமை, பயிற்சி, மிஷின், சூப்பர்வைசர், தூக்கம், வீட்டுப் பிரச்சினை, அதிர்ஷ்டம்.

1998-இல் ஷ்மிட், ஹன்ட்டர் என்பவர்கள் ஆள் எடுக்கும் முறைகளை வரிசைப்படுத்தினார்கள். வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பது அதில் மேலே நின்றது. எத்தனை வருட அனுபவம் என்பது ரொம்பக் கீழே, 0.18. 2022-இல் சாக்கெட் என்பவரும் மற்றவர்களும் அந்தக் கணக்கைத் திருத்தி, பெரும்பாலான எண்களை இறக்கினார்கள். கேள்விகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கிற நேர்காணல் அதில் முதலிடத்துக்கு வந்தது.

வேலையைக் கொடுத்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. திருப்பூரில் டெய்லரிடம் சர்டிஃபிகேட் யார் கேட்டார்கள்? மிஷினில் உட்கார வைத்து, இரண்டு துண்டு வேஸ்ட் துணி கொடுத்து, ரிப் மடக்கச் சொல்வோம். கைத்திறமை அதில் தெரிந்துவிடும். நாளைக்கு வருவாரா என்பது அதில் தெரியாது.

24 நவம்பர்

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் யூனிட்டில் பி.எஃப். பிடித்தம் உண்டா?

24 நவம்பர், மாலை

இல்லை என்கிறார். நினைத்தேன்.

பெரிய கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தவருக்கு பி.எஃப்.-இல் பணம் சேர்ந்திருக்கும். பெண் கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது, கடன் என்று ஏதாவது வரும். முழுப் பணத்தையும் எடுக்க வேண்டும் என்றால் வேலையை விட்டு இரண்டு மாதம் சும்மா இருந்ததாகக் கணக்கில் தெரிய வேண்டும் என்பது 2023-இல் இருந்த விதி. இரண்டு மாதம் சும்மா இருந்தால் அடுப்பு எரியுமா? பி.எஃப். பிடிக்காத சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வருவார்கள். பணம் வந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். உங்களிடம் வந்து இரண்டு, மூன்று மாதத்தில் காணாமல் போனவர்களை ஒரு தடவை இந்தக் கண்ணோடு பாருங்கள். குணக்கேடு ஒன்றும் இல்லை, திட்டம் போட்டு வந்து திட்டப்படி போயிருக்கிறார்கள். ஒரு விதத்தில் பொறுப்பானவர்கள்!

25 நவம்பர்

"அந்தக் காலத்து ஆட்களிடம் இருந்த விசுவாசம் இப்போது இல்லை" என்று பெரியவர் ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அய்யா, அந்தக் காலத்தில்தான், 1984-இல், பஞ்சப்படி கேட்டு இதே திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

26 நவம்பர், ஞாயிறு

விடுமுறை, கொஞ்சம் நீளமாக எழுதலாம்.

விசுவாசம் என்று நாம் ஒரே மூட்டையில் கட்டுவதை மேயர், ஆலன் என்ற இருவர் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்துப்போய் இருப்பது. போனால் நஷ்டம் என்பதால் இருப்பது. இருப்பதுதான் முறை என்று நினைத்து இருப்பது. மூன்று பேரும் பத்து வருடம் ஒரே இடத்தில் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேலையில் தெரியும். முதல் வகை ஆள் கேட்காமலே கூடுதலாகச் செய்வார். இரண்டாவது வகை திட்டு விழாத அளவுக்குச் செய்வார், அதற்கு மேல் ஒரு ஊசி நூல் நகராது.

இங்கே இரண்டாவது வகையை நாமே உண்டாக்குகிறோம். டெய்லர் போகாமல் இருக்க அட்வான்ஸ் கொடுக்கிறோம். கடன் அடையும் வரை இருப்பார். அடைவதற்குள் இன்னொரு அட்வான்ஸ். அப்புறம் "என்னிடமே எட்டு வருடமாக இருக்கிறார், தங்கமான ஆள்" என்கிறோம்.

எங்கள் செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். கைமடியாகச் சேர்ந்து, பீஸ் மடித்து அடுக்கி, பிறகு செக்கிங் டேபிளுக்கு வந்தவர். வேறு கம்பெனிகள் கூடுதல் சம்பளம் சொல்லிக் கூப்பிட்டும் போகவில்லை. கம்பெனி விழாவில் மேடை ஏற்றி, பொன்னாடை போர்த்தி, "நிறுவனத்தின் மீது மாறாத பற்று" என்று படித்தார்கள். மறுநாள் டீ நேரத்தில், "ஏனுங்கக்கா, நிஜமாவே அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டேன். "வேற கம்பெனி வண்டி எங்க ஊருக்குள்ள வராதுங் தம்பி. மெயின் ரோட்டுல இறக்கி விட்டுருவான். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் காட்டுப் பாதையில யாரு நடக்கறது?"

பற்று இருந்தது கம்பெனி மீது இல்லை, வேன் டிரைவர் மீது. அந்த வண்டி ரூட்டை நிறுத்தியிருந்தால், பொன்னாடையோடு போயிருப்பார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கை சுத்தமான செக்கர். ஒரு துளை தப்பாது. நிலைத்து நிற்பதும் நன்றாக வேலை பார்ப்பதும் அவரிடம் ஒன்றாக இருந்தன, ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கேள்வியில் இரண்டையும் ஒரே வரியில் போட்டிருக்கிறீர்களே, அதைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

27 நவம்பர்

கோவையிலிருந்து ஃபவுண்டரி நண்பர், "அப்படியானால் மோட்டிவேஷன் பயிற்சி கொடுத்துப் பற்றை வளர்க்கலாமே" என்கிறார். கொடுத்தார்கள். கோட் போட்ட ஒருவர் வந்து லைன் முழுவதையும் எழுந்து நிற்க வைத்து, கையைத் தூக்கி "நம்மால் முடியும்!" என்று மூன்று தடவை கத்தச் சொன்னார். அன்றைக்கு பட்டன் வரவில்லை. முடியாமல்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

29 நவம்பர்

மணிக்கு ஒரு தடவை போர்டில் எழுதுகிற ப்ரொடக்ஷன் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். போர்டு வைத்தால் சோம்பேறி யார், உழைப்பாளி யார் என்று தெரிந்துவிடாதா என்று.

அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து, வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுக்கான கம்பி இணைக்கிற வேலை. குழுவாகச் சேர்த்துப் பீஸ் ரேட் மாதிரி கூலி. நிறையச் செய்தால் நிறையக் காசு. அப்படியும் அவர்கள் தங்களுக்குள் ஒரு அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகவில்லை. கூடுதலாகச் செய்து காட்டினால் மேலே இருப்பவர்கள் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். வேகமாகப் போகிறவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து விழும். எனக்குப் பிடித்த தகவல்: அறிவுத் தேர்வு, கைத்திறன் தேர்வு இரண்டும் வைத்தார்கள். எல்லோரையும்விடக் குறைவாகச் செய்த கம்பி ஆள்தான் அறிவுத் தேர்வில் முதலிடம்.

மணிக்கணக்கு போர்டு எங்களிடமும் உண்டு. வேகமான டெய்லர்கள் முதல் மணி நேரத்தில் தைத்ததில் ஒரு கட்டை மிஷினுக்கு அடியில் தள்ளி வைத்து, மூன்றாவது மணியில் எடுத்துக் கொடுப்பார்கள். போர்டில் எண்கள் சீராக ஓடும். கூடுதலாக எழுதினால் நாளை முதல் அதுதான் டார்கெட். அந்தக் கட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற சூப்பர்வைசரும் உண்டு. நல்ல சூப்பர்வைசர் என்று லைனில் பெயர் எடுத்தவர் அவர்தான்.

அதே ஹாதார்ன் ஆலையில் 1927-இல் தொடங்கிய வேறு சோதனையில் ரிலே பொருத்தும் பெண்கள் ஐந்து பேர். அக்கறை காட்டியதால் உற்பத்தி ஏறியது என்று அதைத்தான் எல்லா மேனேஜ்மென்ட் வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். 1928 தொடக்கத்தில் ஐவரில் இருவரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று மாற்றிவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அக்கறையால் ஏறியதா, ஆளை மாற்றியதால் ஏறியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பாருங்கள், உங்கள் கட்சிக்கும் இதில் கொஞ்சம் சாட்சி இருக்கிறது.

30 நவம்பர்

"நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குணம் என்று ஒன்றே கிடையாதா? எல்லாம் கூலியும் வண்டியும்தானா?" நியாயமான கேள்வி. நானும் இரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன், ஏனென்றால் என் கண் முன்னால் எதிர்ச் சாட்சி இருக்கிறது.

இரண்டு கட்டிங் மாஸ்டர்கள். ஒரே சம்பளம், அடுத்தடுத்த டேபிள். டையிங்கிலிருந்து வந்த ரோலைப் பிரித்தவுடன் பின்னலாடைத் துணி கொஞ்சம் சுருங்கும். அதைத் தளர்வாக விரித்து ஓர் இரவாவது கிடக்க விட்டு வெட்டினால் அளவு நிற்கும். ஒருவர், ஷிப்மென்ட் அவசரம் என்று யார் கத்தினாலும், சாயங்காலமே ரோலைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். லே போடும் முன், அதாவது வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிக்கும் முன், ஒவ்வொரு ரோலின் ஓரத்திலும் ஒரு துண்டு வெட்டி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் வரிசையாக வைத்து ஷேடு பார்ப்பார். வித்தியாசம் இருந்தால் தனி லே. இல்லையென்றால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று சட்டை வரும். அது தையலும் முடிந்து, அயர்னும் முடிந்து என் டேபிளில்தான் தெரியும். இன்னொரு மாஸ்டர், கொடுத்த துணியை வெட்டுவார். அளவாக, அழகாகத்தான் வெட்டுவார். ஆனால் கொடுத்ததை வெட்டுவார்.

கூலி இதை விளக்கவில்லை. பயிற்சியும் இல்லை, இருவரும் ஒரே ஆசானிடம் கற்றவர்கள். முதலாமவர் தன் டேபிளைத் தாண்டி அடுத்த டேபிளை நினைக்கிறார். ஹெச்.ஆர். ஃபாரத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. பொறுப்பு, ஆர்வம், குழு மனப்பான்மை என்று இருக்கும். குழு மனப்பான்மையில் இவருக்குக் குறைந்த மார்க்தான் விழும், ஏனென்றால் தினம் யாரோடாவது சண்டை. ஷேடு பார்க்கிற ஆளுக்குச் சண்டை வராமல் இருக்குமா?

30 நவம்பர், இரவு

ஊசிக் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். பீஸ் ரேட் லைனின் நோட்டு சுத்தமாகக் காலி என்று எழுதினேனே, ஒரு பெயர் மட்டும் அதில் அங்கங்கே இருந்தது. ஒரே பெண். கூலி போனாலும் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஏன் என்று கான்ட்ராக்டர் எரிந்து விழுந்தால், "ஏனுங், குழந்தைத் துணிங்களே அது" என்பார், அவ்வளவுதான். எந்த ஏற்பாடும் இல்லாமல் வந்த குணம் அது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்றால், ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்றும்போது கான்ட்ராக்டர் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருந்தது. பக்கத்தில் "ஸ்லோ" என்று எழுதியிருந்தார். அவர் சம்பளம் அந்த வரிசைப்படிதான் நிர்ணயமானது.

உங்கள் யோசனையில் எனக்கு இருக்கிற பயம் இதுதான். குணம் பார்த்து ஆள் எடுக்கிறேன் என்று இறங்கினால், நாம் தேடுகிற குணத்துக்கு நாம் வைத்திருக்கிற அளவுகோலில் "ஸ்லோ" என்று பெயர் இருக்கலாம்.

2 டிசம்பர்

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு தங்கை, "எங்கள் வார்டிலும் இதே கதைதான் அண்ணா, மருந்து மாறிப்போனால் எழுதினால் மெமோ, எழுதாவிட்டால் ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறார். இதையே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார், தங்கை. ஏமி எட்மண்ட்சன், 1990-களில், அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில். நல்ல குழு உள்ள வார்டில் மருந்துப் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் பிழை எண்ணிக்கை கூடுதல். பிழை அதிகம் நடந்ததால் இல்லை. அங்கே அதை வாய்விட்டுப் பேச முடிந்தது, அதனால் எழுதினார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

எங்கள் முதலாளி "ஏன் இவ்வளவு ஊசி உடையுது" என்று கேட்டாரே, அதே இடம். இப்போதெல்லாம் ஒரு லைனில் மாதம் முழுக்க ஊசி ரெஜிஸ்டர் காலியாக இருந்தால் நான் அங்கே போய் பாபின் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். ஏ.க்யூ.எல். 2.5 என்ற மாதிரிச் சோதனை அளவில் 3,000 பீஸுக்கு 125 பீஸ் எடுத்துப் பார்க்கிறோம். ஏழு டிஃபெக்ட் வரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். மீதி 2,875 பீஸை நான் பார்க்கவே போவதில்லை. அங்கே இருப்பதைத் தைத்தவர் சொன்னால்தான் உண்டு.

2 டிசம்பர், பிறகு

நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறோம், காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. காலை பத்து மணிக்கு ஒரு துளை விழுந்தால் கையைத் தூக்கிக் கூப்பிடுகிற அதே டெய்லர், இரவு ஏழரைக்கு அதை மடிப்புக்குள் தள்ளிவிடுவார். குணம் என்பது ஒன்றரை ஷிப்டுக்குத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், முதலில் தாங்களே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

5 டிசம்பர்

சரி, "கதை போதும், நான் என்ன செய்வது" என்று கேள்வி கேட்டவர் கேட்கிறார். என் யோசனை, எடுத்துக்கொள்வது உங்கள் இஷ்டம்.

பார்த்தவுடன் ஆளைக் கணிப்பேன் என்ற நம்பிக்கையை முதலில் ஓரமாக வையுங்கள். 1955-இல் இஸ்ரேல் ராணுவத்தில், 21 வயதுப் பையனாக இருந்த, பின்னாளில் பெரிய உளவியலாளரான டேனியல் கானமன், புதிதாகச் சேர்பவர்களை நேர்காணும் முறையை மாற்றினார். அதுவரை பொதுவாகப் பேசி, மொத்தமாக ஒரு அபிப்பிராயம் எழுதுவார்கள். அது எதற்கும் உதவவில்லை. ஆறு குணங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பழைய வாழ்க்கையிலிருந்து நடந்ததை மட்டும் கேட்டு, தனித்தனியாக 1 முதல் 5 வரை மார்க் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். நேர்காண்பவர்கள், எங்களை ரோபோ ஆக்கப் பார்க்கிறாயா என்று சண்டைக்கு வந்தார்கள். சரி, மார்க் எல்லாம் போட்டு முடித்தபின் கண்ணை மூடி உங்கள் மனதில் படும் மார்க்கையும் போடுங்கள் என்றார். கடைசியில் அந்தக் கண்மூடி மார்க்கும் பயன்பட்டது. வரிசைதான் முக்கியம்: நடந்தது முதலில், மனதில் படுவது கடைசியில்.

உங்களுக்கு ஆறு வேண்டாம். நேரத்துக்கு வருவது, தவறைச் சொல்வது, அடுத்த ஆபரேஷனைப் பற்றி யோசிப்பது, இந்த மூன்று போதும். "நேர்மையானவரா?" என்று கேட்காதீர்கள். "கடைசியாகப் பார்த்த கம்பெனியில் பண்டில் மாறிப்போய் பெரிய பஞ்சாயத்து ஆனது ஏதாவது உண்டா? யார் முதலில் பார்த்தார்கள்? அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். டெய்லர்களுக்கு இந்தக் கதை சொல்ல ரொம்பப் பிடிக்கும். சொல்கிற விதத்திலேயே ஆள் எங்கே நின்றார் என்று தெரியும். அப்புறம் ஒரு வாரம் லைனில் வையுங்கள். தைக்கக் கொடுக்கும் பண்டிலில் வேண்டுமென்றே ஒரு எண்ணெய்க் கறைத் துண்டைச் சேர்த்து வைத்துச் சோதிக்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன், தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஆள் எதையுமே சொல்ல மாட்டார்.

ஊருக்குப் போய்த் திரும்பாத பிரச்சினைக்கு இது எதுவும் மருந்து இல்லை. அதற்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., தங்குமிடம், ரிட்டர்ன் டிக்கெட். போகும்போதே கம்பெனி செலவில் திரும்பும் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர்கள் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். அட்வான்ஸைவிட மலிவு.

9 டிசம்பர்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: வராதவர்களில் சிலர் வந்துவிட்டார்களாம். பி.எஃப். விஷயத்தை விசாரித்ததில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்களாம். பி.எஃப். போடுவது பற்றி யோசிக்கிறேன் என்கிறார். 30 மிஷின் என்றால் ஹெல்பர், செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து 20 பேருக்கு மேல் இருப்பார்கள், சட்டப்படி யோசிக்கவே இடமில்லை அய்யா, போட்டுத்தான் ஆக வேண்டும். இதை நான் படிக்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

9 டிசம்பர், இரவு

ஊசி தேடும் நேரத்துக்குப் பீஸ் ரேட்டில் எப்படிக் கூலி போடுவது என்று அவரே கேட்டிருக்கிறார். எங்களிடம் செய்வது: துண்டு முழுதாகக் கிடைத்து நோட்டில் ஒட்டினால் கால் மணி நேர ஷிப்ட் கூலி, கிடைக்காவிட்டால் தேடல் முடியும் வரை மணிக்கூலி. இரண்டும் நோட்டில் கையெழுத்தான அன்றே சனிக்கிழமைக் கணக்கில் ஏறிவிட வேண்டும், அப்புறம் சேர்த்துத் தருகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். "வேண்டுமென்றே ஊசியை உடைப்பார்களே?" என்றால், ஒரு கால் மணிக்காக ஓடுகிற கையை நிறுத்துகிற பீஸ் ரேட் டெய்லரை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தால் எழுதுங்கள்.